ஒமோலோவுக்கு அப்புறம் ஒவினோ

மீனை வெறும் கண்ணால் பார்த்து வாங்குகிறவள் இல்லை நான். செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பேன். அதற்கப்புறமும் கொண்டுவந்தவன் முகத்தை ஒருமுறை பார்ப்பேன். ஏரிக்கரை ஊரான கிசுமுவிலிருந்து வரும் மீன் பெட்டிகளோடு இருபத்திரண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிறவளுக்கு மனுஷர்களை மட்டும் எப்படிச் சும்மா நம்ப வரும்? அதனால் நகராட்சி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் கதோனியை நான் நம்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பேர் டோர்சிலா ஒந்தியேக். பழைய சந்தையில் மீன் வரிசையில் நாலாவது கடை என்னுடையது. அதை இடித்து மூன்று வருஷம் ஆகிறது. அதே இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பி, வெள்ளையடித்து, பூட்டும் போட்டாகிவிட்டது. நாங்கள் மட்டும் ரயில்வே கேட் பக்கத்து ரோட்டோரத்தில் புழுதியிலும் மழையிலும் மீன் பொரித்துக்கொண்டிருந்தோம். என் எண்ணெய்ச் சட்டிக்கும் பக்கத்தில் கீரை விற்கிற வரிகியா அக்காவுக்கும் சேர்த்து ஒரே குடைதான். அந்த வரிகியா அக்காவின் மகள்தான் கதோனி. என் சந்தேகம் அந்தக் குடைக்கடியிலேயே பிறந்துவிட்டது.

“ஏன்க்கா, பொண்ணு உங்களுக்கு எந்தக் கடைய எடுத்து வச்சிருக்கா? கீழ் மாடிதானே, வாசலுக்கு நேரா?”

“போடி. வீட்டுல அதப்பத்தி வாயே தொறக்க மாட்டா. கேட்டா, ‘நீ லிஸ்ட்டுல ஒரு பேரும்மா, அவ்வளவுதான்’ங்கறா.”

“நம்பிட்டேன்.”

“நம்பாட்டி போ. மீனைப் பொரட்டு, கருகுது.”

பழைய சந்தையில் கடை வைத்திருந்து, புதுக் கடைக்கு ஃபார்ம் கொடுத்தவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஆபீஸிலிருந்து போன் வரும். பழைய பதிவேட்டில் உள்ள அடையாள நம்பரைச் சரிபார்த்து, புதுக் கடை எண்ணைச் சொல்வார்கள். இருபது வேலை நாள் கெடு. முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் போன் வராதவர்கள் ஊரில் இல்லாதவர்கள் என்று கணக்கு. அவர்கள் கடை பொதுக் குலுக்கலுக்குப் போய்விடும். அந்தக் குலுக்கலுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து காத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் பேர்கள் குடும்பப் பேரின் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் இருந்தன, ஒரு பக்கத்துக்கு ஐம்பது. பேரைத் தட்டித் தேடுகிற வசதியை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். முன்பு பஸ் ஸ்டாண்டு கடைகளைப் பிரித்தபோது கவுன்சிலர் வீட்டு நாய்க்குக்கூட ஒரு கடை விழுந்தது என்று ஊரே சிரித்தது. அதனால் இந்த முறை யாரும் யாரையும் தேடி எடுக்க முடியாது. போன் பேசி டிக் போட்டால் அந்தப் பேர் பட்டியலை விட்டுப் போய்விடும். ஐம்பதும் முடிந்ததும் ‘அடுத்த பக்கம்’ என்ற பட்டனை அமுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் பேரைச் சொன்னாலே ஆள் எந்த இனம் என்று தெரிந்துவிடும். லுவோக்களான எங்கள் பெண்கள் அ-வில் ஆரம்பிப்பார்கள், ஆண்கள் ஒ-வில். என்னுடையது புருஷன் பேர். செ, கி என்றால் பெரும்பாலும் கலெஞ்சின்காரர்கள். கமாவ், மைனா, வன்ஜிரு என்றால் கிக்குயூ; வரிகியா அக்காவும் கதோனியும் அதில்தான். ஆக, பேர் வரிசையில் ஒரு துண்டு விடுபட்டால் ஒரே இனத்து ஆட்கள் கொத்தாக விடுபடுவார்கள். முதல் வாரத்தில் எங்கள் வரிசையில் அபூயாவுக்குப் போன் வந்தது, அதியாம்போவுக்கு வந்தது. அதோயோவுக்கு வரவில்லை, அவினோவுக்கும் வரவில்லை. கேள்விப்பட்டபோது பட்டியல் செ-வைத் தாண்டிவிட்டிருந்தது.

கருவாடு விற்கிற அவினோ மார்பில் அடித்துக்கொண்டாள். “என்னை இல்லாதவன்னு எழுதிட்டாங்களா டோர்சிலா? நாப்பது கிலோ ஒடம்பு இல்ல, தொண்ணூறு கிலோ! எப்படித் தெரியாம போகும்?”

பன்னிரண்டு பேர் திரண்டு ஆபீஸுக்குப் போனோம். அங்கே பெரியவர் முத்திசோ. கம்பா இனத்துக்காரர், எந்தப் பக்கமும் சேராதவர் என்று பார்த்துத்தான் அவரைப் போட்டிருந்தார்கள்.

“நெட்வொர்க் தாமதம்மா. போன் வந்துடும்.”

“நெட்வொர்க்குக்கு எங்க பேரு மட்டும் வாயில நுழையலையா சார்?”

“என்னம்மா சொல்ல வர்றே?”

“எலெக்‌ஷன்ல பூத்துக்குள்ள எல்லாக் கட்சிக்கும் ஏஜென்ட் ஒக்கார்றாங்கல்ல? இங்கயும் ஒக்காரணும். நான் ஒக்கார்றேன்.”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே உள்ளே வைத்தார். என்ன காகிதம் என்று சொல்லவில்லை. “உக்காரு. வாயத் தொறக்கக் கூடாது” என்றார்.

அப்படித்தான் ஆறாவது நாள் காலை நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கதோனியின் வலது தோளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மீன் பொரிக்கும் வேலையை என் நாத்தனாரிடம் விட்டிருந்தேன். கதோனிக்கு இருபத்தாறு வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி, எலும்பும் தோலுமான கை, யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. பேசாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

“பாரு புள்ள,” என்றேன். “ஒரு பேரு முன்ன பின்ன போச்சுன்னா ஆபீஸே அதிர்ற மாதிரி கத்துவேன். உங்கம்மாவாவே இருந்தாலும் வரிசையிலதான் வரணும்.”

“சரிங்கக்கா,” என்றாள். அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போகும். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். பதிவேட்டைப் புரட்டுவாள், நம்பரைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள், கடை எண்ணைச் சொல்வாள், டிக் போடுவாள். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் பேரையும் கடைசிப் பேரையும் எழுதி வைத்துக்கொண்டேன். படிப்பு எட்டாம் வகுப்புதான் என்றாலும் என் கையெழுத்து கதோனியினுடையதைவிட நன்றாக இருக்கும்.

பக்கம் மாற்றுகிற நேரம்தான் எனக்குக் கண்ணை உறுத்தியது. பட்டனை அமுக்கினால் திரையில் ஒரு வளையம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டாம் பக்கத்துக்கு ஆறு நிமிஷம், பதினைந்தாம் பக்கத்துக்குப் பத்து நிமிஷம். அவள் எழுந்து போய் டீ ஊற்றிக்கொண்டு வருவாள். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவருவாள். குடிக்க மாட்டேன்.

“இவ்வளவு நேரம் உள்ள என்ன நடக்குது?”

“தெரியலக்கா. பின்னாடி போகப் போக இப்படித்தான் இழுக்குது. முதல் பக்கம்லாம் பட்டுனு தொறந்துச்சு.”

உள்ளே யாரோ உட்கார்ந்து பேர்களைப் பொறுக்குகிறார்கள், அதுதான் இந்த நேரம் ஆகிறது என்று நான் முடிவுகட்டினேன். சாயங்காலம் வந்து அவினோவிடம் அப்படியே சொன்னேன். அவள் இன்னும் நாலு பேரிடம் சொன்னாள். மறுநாள் காலை மீன் வாங்க வந்த பஸ் டிரைவர் அதையே எனக்குச் சொன்னான், எண்ணிக்கையோடு: ஒரு பக்கத்துக்கு இருபது லுவோக்களை எடுத்துவிடுகிறார்களாம். நான் தலையை ஆட்டினேன். நான் கிளப்பிய பேச்சு திரும்பி வரும்போது அதுவே சாட்சி போலத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஒ-க்கள் வந்தன. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஒதியம்போ, ஒகோலா, ஒகெல்லோ என்று வரிசையாக எங்கள் ஆட்கள். போன் போகிறது, எதிர்ப்பக்கத்தில் சிரிப்பும் அழுகையும் கேட்கிறது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பக்கத்தின் கடைசிப் பேர் ஒமோலோ, எங்கள் தெருக்கோடித் தையல்காரர். அடுத்த பக்கத்தில் நான். கதோனி பட்டனை அமுக்கினாள். வளையம் சுற்றியது. பத்து நிமிஷத்துக்கு மேல் சுற்றியது.

பக்கம் திறந்தது. முதல் பேர் ஒவினோ.

ஒமோலோவுக்கு அப்புறம் ஒவினோவா? எங்கள் சந்தையிலா? நடுவில் ஒமோந்திகள் எங்கே, ஒன்யாங்கோக்கள் எங்கே, ஒபியோக்கள் எங்கே, ஒதியேனோக்கள் எங்கே? எங்கள் ஆட்களில் கல்லை விட்டெறிந்தால் இந்த நாலு பேரில் ஒருவர் மேல்தான் விழும். ஒந்தியேக் எங்கே?

நான் கத்தியதில் அடுத்த அறையில் பிறப்புச் சான்றிதழ் வாங்க நின்றவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். “என் கண்ணு முன்னாலயே! நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என் பேரையே முழுங்கிட்டியேடி!”

“நான் எதையும் தொடலக்கா. நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க.”

“ராத்திரி வந்து அழிச்சிருப்ப!”

கதோனிக்கு முகம் சிவந்துவிட்டது. முதல்முறையாகக் கோபமாகப் பேசினாள். “லிஸ்ட்டுல இல்லன்னா நீங்க ஃபார்மே குடுக்கலன்னு அர்த்தம். குடுக்காம குடுத்தேன்னு சொல்லி, நாற்காலி போட்டு உக்காந்து மிரட்டி உள்ள வரலாம்னு நெனச்சீங்க. எனக்குத் தெரியாதா?”

ஆக, அவளுக்கும் என் மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. நான் அவளைப் பார்த்த அதே கண்ணால் அவளும் என்னை அத்தனை நாளும் பார்த்திருக்கிறாள். முத்திசோ வந்து இரண்டு பேரையும் அடக்கினார். நெட்வொர்க், போன் வரும், அதே பாட்டு.

எழுந்து போயிருப்பேன். போகாததற்கு ஒரே காரணம் வரிகியா அக்காவின் பேர். ‘வ’ கிட்டத்தட்டக் கடைசியில் வரும். தன் அம்மாவின் பேர் வருகிறபோது இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். ஐம்பது ஒந்தியேக்குகளை விழுங்கிய கம்ப்யூட்டர் வரிகியாவை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தும், அப்போது கையும் களவுமாகப் பிடிப்பேன். இதை நினைத்துக்கொண்டு நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டோரத்தில் வரிகியா அக்காவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன். அவர் நீட்டிய கீரைக் கட்டை வாங்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம். இருபத்தைந்தாம் பக்கம் வன்ஜோஹியோடு முடிந்தது. அடுத்தது வன்ஜுகு, வன்யோய்கே, வரிகியா, வவேரு என்று போக வேண்டும். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன், திரையை அல்ல. கால் மணி நேரம் வளையம் சுற்றியது. இருபத்தாறாம் பக்கம் திறந்தது.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

முதல் பேர் வெகேசா. அது லூயா இனத்துப் பேர். நடுவில் ஒரு வவேருகூடக் கிடையாது. அவள் பக்கத்தை மேலும் கீழும் இழுத்தாள். பத்து நாளில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வாய்க்குள்ளேயே, “அம்மா ஃபார்ம நான்தான் அடிச்சு ஏத்தினேன்,” என்றாள். “என் கையாலதான் ஏத்தினேன்க்கா.”

பெற்ற அம்மாவின் பேரை யாரும் திருட மாட்டார்கள். இவளில்லை. இவளில்லை என்றால் இத்தனை நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

நோட்டைத் திறந்தேன். கமாவில் முடிந்த பக்கத்துக்கு அடுத்தது கரன்ஜாவில் ஆரம்பிக்கிறது, கிபெத்துக்கு அடுத்தது கிப்லகாத். எல்லாவற்றையும் நானே என் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். கமாவுக்கும் கரன்ஜாவுக்கும் நடுவில் எத்தனை கிக்குயூக்கள் இருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களை நான் தேடவே இல்லையே. எங்கள் ஆட்கள் விடுபட்ட இடத்தில் மட்டும்தான் எனக்குக் கண் தெரிந்தது.

“புள்ள, முதல் பக்கத்துக்குப் போ,” என்றேன்.

அமுக்கினாள். வளையமே சுற்றவில்லை, பட்டென்று திறந்தது. அதோயோ, அகோத், அவினோ. டிக் விழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், அவினோவும் அவளுடைய தொண்ணூறு கிலோவும்.

கதோனி நைரோபிக்குப் போன் போட்டாள். இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த கம்பெனியில் ஹலிமா என்று ஒரு பெண். ஸ்பீக்கரில் போட்டாள். ஹலிமாவின் குரல் எடுத்தவுடனேயே முறைத்தது.

“யாராவது சொல்லி இதைக் கேக்குறீங்களா? எங்க ப்ரோகிராம்ல தப்பு இருக்குன்னு எழுதி வாங்கப் பாக்குறீங்களா?”

“யாரும் சொல்லல. எங்கம்மா பேரக் காணோம்,” என்றாள் கதோனி.

“அப்படிக் காணாமப் போகாது. நீங்க பதினஞ்சாம் பக்கம் கேட்டா, அது முதல் பேருலேர்ந்து எண்ணி எழுநூறு பேரைத் தள்ளிட்டு அடுத்த ஐம்பதைக் குடுக்கும். ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து எண்ணும். மாவட்டத்துல உள்ள அத்தனை வியாபாரியும் போட்டோவோட அதுக்குள்ளதான் இருக்காங்க. அதான் பின்னாடி போகப் போக இழுக்குது. மத்தபடி சரியாத்தான் இருக்கு.”

நான் போன் பக்கம் குனிந்தேன். “ஏம்மா, கூடைக்கு அடியில இருக்கற மீன் வேணும்னா, மேல இருக்கறத ஒவ்வொண்ணா எடுத்து எண்ணித் தள்ளி வச்சிட்டு எடுக்கற மாதிரியா?”

“நீங்க யாரு?”

“ஏஜென்ட்.”

“சரி, ஆமா. அதே மாதிரிதான்.”

“மேல இருந்த ஐம்பதையும் நாங்கதான் ஏற்கெனவே வித்துட்டோமே! கூடையில இல்லாதத அது எப்படி எண்ணும்? அதுக்குக் கீழ இருக்கறதயில்ல ஐம்பது எண்ணித் தள்ளும்?”

லைன் போய்விட்டதோ என்று கதோனி எடுத்துப் பார்த்தாள்.

“டிக் போட்டவங்க லிஸ்ட்ட விட்டுப் போயிடறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள் ஹலிமா.

“போயிடறாங்க.”

“அய்யோ கடவுளே. அப்ப ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்தான் வந்திருக்கும். பாதிப் பேர்.” பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்: “பக்கம் நம்பரே வச்சிருக்கக் கூடாது. கடைசியாப் பாத்த பேரைக் குறிச்சு வச்சுக்கிட்டு, அதுக்கு அப்புறம் இருக்கற ஐம்பதைக் குடுன்னு கேட்டிருக்கணும். எண்ணவும் வேண்டியதில்ல, இழுக்கவும் இழுக்காது. டெண்டர்ல பக்கம் நம்பர் போடச் சொல்லியிருந்தாங்க, போட்டுட்டோம். மாத்தறதுக்கு அனுமதி வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அடுத்த பக்கத்தைத் தொடாதீங்க. முதல் பக்கத்தை முடிச்சா, திரும்ப முதல் பக்கத்தையே தொறங்க.”

பத்து நாளாக என் நோட்டில் கடைசிப் பேரை நான் குறித்து வைத்ததைத்தான் அந்த மெஷின் செய்திருக்க வேண்டுமாம். பெருமைப்பட நேரமில்லை. அன்றே வெகேசா பக்கத்தை முடித்ததும் ஆயிரத்து இருநூற்றைம்பது பேர் மிச்சம். ஏழு நாள்.

முத்திசோவிடம் போய்க் கெடுவைத் தள்ளிப் போடச் சொன்னோம். அவர் கதவைச் சாத்திவிட்டு, அன்று இழுப்பறையில் வைத்த இரண்டு காகிதங்களையும் எடுத்து மேஜையில் போட்டார். ஒன்று கலெஞ்சின் பழக்கடைக்காரர்கள் எழுதியது: எங்கள் பேர்களை விட்டுவிட்டார்கள், கிக்குயூப் பெண்ணின் வேலை. இன்னொன்று கிக்குயூத் துணிக்கடைக்காரர்கள் எழுதியது: எங்கள் பேர்களை விட்டுவிட்டார்கள், எங்கள் பெண்ணை லுவோ மீன்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள். போன வாரம் அதே கோஷ்டி ஒரு வரி சேர்த்திருந்தது: ஒரு மீன்காரி அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“கெடு நீட்டணும்னு மேல எழுதினா ஏன்னு கேப்பாங்க,” என்றார். “மெஷின் தப்புன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான். இந்தப் பொண்ணோட பேருதான் கெடும். அஞ்சு மணிக்கு அதுவா மூடிக்கும். முடிஞ்ச வரைக்கும் கூப்புடுங்க, போங்க.”

அதற்கப்புறம் நான் ஏஜென்ட் வேலை மட்டும் பார்க்கவில்லை. பதிவேட்டைப் புரட்டுவது நான், நம்பரை விரல் வைத்துக் காட்டுவது நான். வளையத்துக்காகக் காத்திருப்பது இல்லாமல் போனதே பெரிய லாபம். காலை ஏழு மணிக்கே உட்கார்ந்தோம், ஒரு நாளைக்கு மூன்றரைப் பக்கத்துக்கு மேல் ஓட்டினோம். மதியச் சாப்பாடு மேஜையிலேயே, என் வீட்டு உகாலிக் களியும் மீனும். அவள் கொண்டுவந்த டீயை நான் குடித்தேன். அவினோவைக் கூப்பிட்டபோது அவள் போனில் அழுத அழுகைக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் என் பேர் வந்தது. போனில்தான் பேச வேண்டும் என்பது சட்டம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு அவள் போன் போட்டாள், நான் எடுத்தேன்.

“டோர்சிலா ஒந்தியேக்கா பேசுறது?”

“ஆமாங்க. யாருங்க?”

“உங்க பேரை முழுங்கினவ.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முத்திசோ எட்டிப் பார்த்தார். கீழ் மாடி, மீன் வரிசை, நாற்பத்தேழாம் எண். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடைசிப் பக்கம் திறந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வன்ஜுகுவில் ஆரம்பித்து ஐம்பது பேர், நடுவில் பெனினா வரிகியா. கதோனிக்குத் தொண்டை கட்டிப்போய் அவள் குரலே அவளுடையதாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே கூட்டம். கடை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், அவினோ, அபூயா, துணிக்கடைக்காரர்கள், பழக்கடைக்காரர்கள். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுக்காதவர்களுக்கு இரண்டு முறை அடிக்க வேண்டும். அதிலேயே நிமிஷங்கள் போயின.

ஐந்து மணிக்கு இருபது நிமிஷம் இருந்தபோது வரிகியா அக்காவுக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர். கணக்குப் போட எனக்கு எட்டாம் வகுப்பே போதும்.

“கதோனி, உங்கம்மாவைக் கூப்புடு. நம்பர் உனக்குத் தெரியும், பதிவேடு வேண்டியதில்ல. ரெண்டு நிமிஷம்.”

அவள் திரும்பவில்லை. “வரிசையிலதான் வரணும்க்கா.”

“நான் சொல்றேன். நான்தான் ஏஜென்ட்.”

ஜன்னலிலிருந்து அவினோவின் குரல் வந்தது. “என்ன டோர்சிலா, கீரைக்காரி எத்தனை கட்டு குடுத்தா?”

சிரிப்பு. துணிக்கடைக்காரர் ஒருவர், “ரெண்டு வாரம் ஒண்ணா டீ குடிச்சா அப்படித்தான்,” என்றார்.

“இவளாலதாண்டி உனக்குக் கடையே கெடைச்சுது!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

“அவ வேலைய அவ செஞ்சா. உன் வேலைய நீ செய். பாத்துக்கிட்டு இரு. அதுக்குத்தானே உன்ன அனுப்பினோம்?”

அவினோ இப்படிப் பேச யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

“சத்தம் போடாதீங்கக்கா,” என்றாள் கதோனி. “ஒரு ஆளு போயிடுவாங்க.” அடுத்த நம்பரை அடித்தாள். நான் பதிவேட்டைப் புரட்டினேன். ஒருவர் முடிந்தார். இரண்டு பேர். மூன்று பேர். மூன்றாவது ஆளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, கடை எண்ணை நாலு முறை சொல்ல வேண்டியிருந்தது. கதோனி நாலு முறையும் பொறுமையாகச் சொன்னாள். நாலு பேர். ஐந்து பேர். ஆறாவது ஆளுக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை சாம்பல் நிறத்துக்கு மாறியது. காலக்கெடு முடிந்தது என்று ஒரு வரி வந்தது. கீழே இருபத்தேழு பேர் மங்கலாகத் தெரிந்தார்கள். அவள் அம்மாவுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்.

கதோனி போனை வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“ஏஜென்ட் கையெழுத்துப் போடணும்க்கா. எல்லாம் வரிசைப்படி நடந்துச்சுன்னு.”

போட்டேன்.

ரயில்வே கேட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வரிகியா அக்கா விற்காத கீரையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். பத்து நாளாகப் பேசாதவள் எப்படி ஆரம்பிப்பது?

அவரே கேட்டார். “வரிசைப்படிதானே கூப்புட்டா?”

“வரிசைப்படிதான்க்கா.”

“யாரையும் தாண்டலையே?”

“தாண்டல. நான் கூப்புடச் சொன்னேன். அவ கேக்கல.”

அவர் தலையை ஆட்டினார். கீரை மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். “அப்ப சரி. நாளைக்கு யாரும் எம் பொண்ண ஒண்ணும் சொல்ல முடியாது.” கட்டை முடிந்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

“நீ ஏன்டி அழுவுற? ஒனக்குத்தான் கடை கெடைச்சிடுச்சே.”